கிராமத்துப் பழஞ்சின்னங்களும் பஞ்சாயத்தின் கடமையும்

நமது மாநிலத்தில் பழஞ்சின்னம் ஒன்றேனும் இல்லாத வட்டாரத்தைக் காண்பது அரிது. ஏரிக்கரையில் ஒரு நடுகல், கோயிற் சுவரில் சில வரி எழுத்து, மேட்டு நிலத்தில் உடைந்த தாழி, குன்றின் அடியில் ஒரு கற்படுக்கை ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று எப்பக்கம் சென்றாலும் தென்படும். ஆயினும் இவற்றைக் காண வருவோர் மிகச் சிலரே. காரணம் கேட்டால், "பணம் இல்லை, கட்டடம் இல்லை, அரசாங்கம் ஏதேனும் செய்தால்தான் உண்டு" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. குடிநீருக்கும் தெருவிளக்கிற்கும் வடிகாலுக்குமே போதாத வருவாயைக் கொண்டு ஒரு பஞ்சாயத்து பொருட்காட்சிசாலை எழுப்ப இயலாது. ஆனால் வருவோரைத் தடுத்து நிறுத்துவது கட்டடக் குறை ஒன்றுதானா என்பதை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

பழைய இடமொன்றைத் தேடி வந்தவர் ஏமாற்றத்துடன் திரும்பிச் செல்வதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. வழி தெரியவில்லை; கதவு பூட்டிக் கிடந்தது; விளக்கிச் சொல்ல ஆளில்லை. இம்மூன்று குறைகளையும் நீக்குவதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒழுங்கும் ஊராரின் ஒத்துழைப்புமே வேண்டும். கட்டடம் பின்னால் வரலாம். முதலில் வேண்டியது திறந்த கதவும் விளக்கத் தெரிந்த மனிதரும் ஆகும். இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

விளக்குவோர் இன்றேல் கல் ஊமையே

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. எழுத்தறியாத ஒருவர் அச்சுவரின் முன் நின்றால் கீறல்களை மட்டுமே காண்பார். சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதே இடத்தில் விவரம் அறிந்த ஒருவர் நின்று கல்வெட்டு கூறுவதை எடுத்துரைத்தால், பஞ்சாயத்து அங்கத்தினர் எவரும் அங்கிருந்து எளிதில் நகரமாட்டார்.

ஏனெனில் அக்கல்வெட்டுகள் கூறுவது தேர்தல் விதிகளையே! ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது முப்பது வார்டுகளாகப் பிரித்திருந்தனர். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இவ்வாறு ஆண்டுதோறும் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தனர். ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம். தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம். பொன்னின் மாற்றைக் கவனிக்கப் பொன் வாரியம். நிற்பவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் நிற்க இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோ நிற்கவே தகுதியற்றவர். அவர் தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவரே.

இவ்விதிகளில் இன்று நாம் ஏற்க இயலாதவையும் உண்டு. அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலமில்லாதோர்க்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இன்று தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த வேற்றுமையையும் மறையாமல் எடுத்துச் சொன்னால்தான் கேட்பவர் சிந்திப்பார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊர், கணக்குக் காட்டாதவனை விலக்கி வைத்தது என்னும் செய்தியை அறிந்து திரும்பும் அங்கத்தினர், தம் ஊர்க் கிராம சபையில் கணக்குப் படிக்கப்படும்போது சற்றுக் கூடுதலான கவனத்துடன் கேட்பார். பழஞ்சின்னத்தைக் காண்பதால் விளையும் பயன் இதுவே. அப்பயனைத் தருவது கல்லும், அக்கல்லின் பொருளை எடுத்துரைக்கும் மனிதரும் சேர்ந்துதான்.

பானையோடும் செல்வமே

"எங்கள் ஊரில் பெரிய கோயில் இல்லை, அரண்மனை இல்லை, யார் வருவார்?" என்று கேட்போர் கீழடியை எண்ணிப் பார்க்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் மதுரைக்கு அணித்தே உள்ள இச்சிற்றூரில் 2015-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடைபெற்றது. தோண்டிய இடம் அரசர் கோட்டை அன்று, உழவர்களின் தென்னந்தோப்பு. கிடைத்தவையும் பெரும்பாலும் அன்றாட வாழ்க்கைப் பொருள்களே. பானையோடுகள், நூல் நூற்கும் தக்களிகள், மணிகள், விளையாட்டுக் காய்கள், செங்கற் கட்டடப் பகுதிகள் முதலியன வெளிப்பட்டன. பானையோடுகள் சிலவற்றில் தமிழி எழுத்தில் குவிரன், ஆதன் என ஆட்பெயர்கள் கீறப்பட்டிருந்தன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் அங்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அக்கட்டடத்தை எழுப்பியது மாநில அரசாங்கம். அவ்வளவு பொருட்செலவு எல்லா ஊர்களுக்கும் இயலாது. ஆனால் அங்கே திரளும் மக்கள் எதைக் காண வருகின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம்மைப் போன்ற எளிய மனிதர் ஒருவர் தம் பானையில் தம் பெயரை எழுதி வைத்தார் என்பதைக் காணவே வருகின்றனர். அரிய பொருளைவிட, தம் வாழ்க்கையோடு தொடர்புடைய பொருளே மக்களை ஈர்க்கிறது.

இக்கண்கொண்டு நோக்கினால் நம் ஊர்களில் காட்டத்தக்கவை எத்தனையோ உண்டு. கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைத்த கவலைச் சால், ஏற்றம், மரக்கால், படி, உழக்கு, நெல் சேமித்த குதிர், பரம்புப் பலகை, பனையோலைப் பெட்டி ஆகியவை இன்று பல வீடுகளின் பரணிலும் தொழுவத்திலும் செல்லரித்துக் கிடக்கின்றன. பம்புசெட்டு வந்தபின் பிறந்த பிள்ளைகள் கவலை இறைப்பதைக் கண்டதே இல்லை. பயன்படாத பழைய சாவடியோ பள்ளியறையோ ஒன்று பழுது பார்க்கப்பட்டு, இப்பொருள்கள் கொடுத்தவர் பெயருடன் வைக்கப்படுமாயின் அதுவே சிறந்த காட்சிசாலை. ஏரியின் பழைய தூம்பையும் மதகையும் அவை உள்ள இடத்திலேயே காட்டி, நீர் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று ஒரு முதியவர் விளக்கினால் அதற்குக் கூரையும் வேண்டா, சுவரும் வேண்டா.

அரிட்டாபட்டி காட்டும் பாடம்

பழஞ்சின்னங்களை மக்கள் வந்து காண்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. பலர் அறிந்த இடத்தை அழிப்பது கடினம். எவரும் அறியாத இடம் ஓசையின்றி மறைந்துவிடும். கல்லுக்காக உடைக்கப்பட்ட குன்றுகளையும், துவைகல்லாகிப்போன நடுகற்களையும், வண்டல் எடுக்கும்போது நொறுக்கப்பட்ட தாழிகளையும் நாம் அறிவோம். அழித்தவர் பலர் தீய எண்ணத்தால் அழித்தவர் அல்லர். அவற்றின் மதிப்பை எவரும் அவர்க்குச் சொல்லவில்லை.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. அவ்வூரைச் சூழ்ந்து ஏழு குன்றுகள் உள்ளன. குகைத்தளத்தில் தமிழிக் கல்வெட்டும், பாறையில் தீர்த்தங்கரர் சிற்பமும், அதனருகே வட்டெழுத்துக் கல்வெட்டும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. அடுத்துள்ள மீனாட்சிபுரத்துக் குன்றில் நெடுஞ்செழியன் பெயரைக் கூறும் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவையேயன்றி, சுற்றிலும் ஏரிகளும் நீர்ச்சுனைகளும் நிறைந்த அப்பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் காணப்படுகின்றன. பறவை நோக்குவோரும் வரலாற்றில் ஆர்வமுடையோரும் மாணவரும் அங்கு வந்து சென்றனர். ஊரார் தம் குன்றுகளின் பெருமையை எடுத்துச் சொன்னார்கள். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம், தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக மாநில அரசால் அறிவிக்கப்பெற்றது.

ஈராண்டுகளுக்குள் சோதனை வந்தது. இத்தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்கும் உரிமைக்கான ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் மத்திய அரசால் வெளியிடப்பட்டது. மேலூர்ப் பகுதி உழவர்களும் பெண்களும் வணிகரும் ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். கிராம சபைகள் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றின. டிசம்பர் 9-ஆம் நாள் மாநிலச் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 23-ஆம் நாள் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அப்போராட்டத்தின் உயிர்நிலை உழவரின் நிலமும் நீருமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் "எங்கள் குன்றில் இன்ன எழுத்து உண்டு, இன்ன சிற்பம் உண்டு, இன்ன பறவை உண்டு" என்று ஊரார் எண்ணிச் சொல்ல முடிந்தது அவர்கள் கைக்கு ஒரு வலிமை ஆயிற்று. தம் ஊரை அறிந்து பிறர்க்கும் அறிவித்த மக்களுக்குக் கிடைத்த வலிமை அது.

செய்ய வேண்டுவன

பஞ்சாயத்துகள் கைக்கொள்ளத்தக்க முறைகளை வரிசையாகக் கூறுவோம்.

1. பட்டியல் தயாரித்தல்: ஊரின் எல்லைக்குள் உள்ள பழஞ்சின்னங்களை ஆசிரியர், முதியோர், இளைஞர் ஆகியோரைக் கொண்டு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எங்குள்ளது, யாருடைய நிலம், எந்நிலையில் உள்ளது என்பன குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து வைத்தல் நலம். பின்னாளில் ஒன்று காணாமற் போனால் அப்படமே சான்றாகும்.

2. சாவியும் நேரமும்: பூட்டிய இடமாயின் சாவி யாரிடம் உள்ளது என்பது வாயிலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாள் முழுதும் திறந்து வைக்க ஆளில்லையெனில், வாரத்தில் இரண்டு நாள், குறித்த இரண்டு மணி நேரம் திறந்தாலும் போதும். ஆனால் குறித்த நேரத்தில் தவறாது திறக்க வேண்டும். ஒருமுறை பூட்டைக் கண்டு திரும்பியவர் மறுமுறை வரமாட்டார். வரவிருக்கும் பிறரையும் தடுத்துவிடுவார்.

3. வழிகாட்டிப் பலகை: பேருந்து நிற்கும் இடத்திலும் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பலகை வேண்டும். எவ்வளவு தூரம், எந்நேரம் திறந்திருக்கும், திரும்பிச் செல்லும் கடைசிப் பேருந்து எப்போது ஆகிய மூன்றும் அதில் இருத்தல் அவசியம். முட்புதரை வெட்டிப் பாதையைச் செப்பனிடுதல் இளைஞர் மன்றத்தார் ஒரு நாள் சிரமதானத்தால் முடிக்கக்கூடிய வேலை.

4. சௌகரியங்கள்: நிழல், குடிநீர், கழிப்பிடம் ஆகிய மூன்றும் இன்றிப் பெண்களும் பிள்ளைகளும் வர இயலாது. புதிதாகக் கட்டப் பொருள் இல்லையெனில், அருகிலுள்ள பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ உள்ள கழிப்பிடத்தை வருவோர் பயன்படுத்த ஏற்பாடு செய்யலாம். நிழலுக்கு இன்று நடும் வேம்பும் புங்கனும் சில ஆண்டுகளில் பயன்தரும்.

5. விளக்குவோர்: இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. ஆர்வமுள்ள ஆண், பெண் நால்வரைத் தேர்ந்து பயிற்ற வேண்டும். தொல்லியல் துறை அலுவலரையோ அருகிலுள்ள கல்லூரி வரலாற்று ஆசிரியரையோ அழைத்து, கல்வெட்டின் சரியான வாசகத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் வழங்கும் கதையைச் சொல்லக் கூடாதென்பதில்லை. ஆனால் "கல்வெட்டு கூறுவது இது, ஊரார் சொல்வது இது" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொன்னால், உள்ள பெருமையையும் கேட்போர் நம்பமாட்டார். அரை மணி நேரத்துக்கு மேற்படாமல், வந்தவர் கேட்கும் கேள்விகளுக்கு இடம் கொடுத்துப் பேசுதல் நன்று.

6. வருகைப் பதிவேடு: யார், எவ்வூரிலிருந்து, எத்தனை பேர் வந்தனர், அவர்கள் குறிப்பிட்ட குறைகள் யாவை என்பனவற்றை எழுதிவைக்க வேண்டும். அரசாங்க உதவி கோரும்போது வெறும் சொல்லைவிட இப்பதிவேடு அதிகம் பேசும்.

முதலில் அழைக்கத்தக்கோர்

"உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது" என்பது பழமொழி. பழஞ்சின்னங்களின் திறத்தில் இப்பழமொழியைப் பொய்யாக்க வேண்டும். வெளிநாட்டாரையும் நகரத்தாரையும் எண்ணித் திட்டமிடுவதற்கு முன்பு, சுற்றுவட்டாரப் பள்ளிகளை அழைப்பதே முறையாகும். அவர்களுக்கு நெடும்பயணம் வேண்டுவதில்லை; தங்குமிடமும் வேண்டுவதில்லை. மாதம் இரண்டு வகுப்புகள், வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் என வைத்துக்கொண்டாலும், விடுமுறை நீங்கிய பத்து மாதங்களில் 800 பிள்ளைகள் ஆகின்றனர். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் சென்று சொல்லும். அச்சொல்லைவிட மலிவான விளம்பரம் வேறில்லை.

அடுத்து, ஏற்கெனவே மக்கள் கூடும் நாள்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தேர்த்திருவிழாவிற்கோ பொங்கலுக்கோ ஊருக்குத் திரும்பும் உறவினர் கூட்டத்திற்கு அன்று மாலை ஒரு மணி நேரம் ஊரின் பழமையைக் காட்டலாம். நகரத்தில் வாழும் அவர்களே பின்னர் நண்பர்களை அழைத்து வருவார்கள்; பொருளுதவியும் செய்வார்கள். ஏப்ரல் 18 உலக மரபு நாளாகவும், மே 18 உலக அருங்காட்சியக நாளாகவும் கொண்டாடப்படுகின்றன. இந்நாள்களிலும் சிறு நிகழ்ச்சிகள் நடத்தலாம்.

செய்யத் தகாதன

நல்ல எண்ணத்துடன் செய்யப்படும் சில காரியங்களே பெருங்கேடாய் முடிவதுண்டு. கல்வெட்டுச் சுவருக்குச் சுண்ணாம்போ வண்ணமோ அடித்தல் கூடாது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கீறுதலும், மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தலும் கூடா. நடுகல்லை அதன் இடத்தினின்று பெயர்த்து அழகுக்காக வேறிடத்தில் நட்டால் அதன் வரலாற்றில் பாதி போய்விடும். பாறை ஓவியத்தின்மேல் நீர் தெளித்துக் காட்டும் வழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும்.

சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்புவதற்குத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஆகவே பந்தலோ பலகையோ அமைக்குமுன் துறையினரைக் கலந்துகொள்ளுதல் நலம். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு, சிலை முதலியன கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவர்க்கும் நிலத்துக்கு உரியவர்க்கும் உரிய பங்கினையும், அரசாங்கம் பொருளை எடுத்துக்கொள்ளும்போது தர வேண்டிய ஈட்டினையும் அச்சட்டமே வகுத்துள்ளது. அஞ்சி மறைத்தலும் அவசரப்பட்டு விற்றலும் குற்றமாவதோடு, ஊருக்கும் இழப்பாகும்.

வருவாய் பற்றிச் சில சொற்கள்

வருவோரால் ஊர் உடனே செல்வம் பெருகும் என்று நாம் சொல்லமாட்டோம். நுழைவுக் கட்டணத்தை நம்பிக் கணக்கிடுதல் சரியன்று. கட்டணம் வைத்தால் வரவிருக்கும் பள்ளிப் பிள்ளைகளும் நின்றுவிடுவர். ஆனால் வந்தவர்க்குத் தாகமும் பசியும் உண்டு. மகளிர் குழுவினர் இளநீர், மோர், கேழ்வரகுக் களி, பனங்கற்கண்டு, அவ்வூர்க் கைத்தொழிற் பொருள் ஆகியவற்றை நியாயமான விலைக்கு விற்றால் சில குடும்பங்களுக்குத் துணைவருவாய் கிடைக்கும். விளக்குவோர்க்கு வருவோர் விரும்பிக் கொடுக்கும் தொகையைப் பெட்டியில் இட்டு, மாதந்தோறும் பங்கிடலாம். அக்கணக்கு கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். கணக்கு மறைந்தால் ஒத்துழைப்பும் மறையும்.

வருவோர் தொகைக்கும் ஓர் அளவு வேண்டும். குறுகிய குகையிலும் பறவைகள் கூடு கட்டும் குன்றிலும் ஒரே வேளையில் கூட்டம் திரளுமாயின் காண வந்த பொருளே கெடும். இருபது, முப்பது பேராகப் பிரித்து அனுப்புதல் நலம். குப்பையை வந்தவரே எடுத்துச் செல்ல வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கிராம சபையின் பொறுப்பு

நமது மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்துக் கூடும் சபையில் இவ்விஷயத்தை ஒரு பொருளாகச் சேர்க்கலாம். பட்டியல் எழுத யார், சாவி வைத்திருக்க யார், விளக்கிச் சொல்ல யார் என மூன்று பொறுப்புகளை மட்டும் அன்று முடிவு செய்தால் போதும். பெருந்தொகை எதுவும் அன்று கேட்க வேண்டுவதில்லை. ஆறு மாதங்கள் சென்றபின் வருகைப் பதிவேட்டை அதே சபையின் முன் வைத்து, அடுத்து எது வேண்டும் என்பதை ஊரே தீர்மானிக்கட்டும். பலகையா, பந்தலா, கழிப்பிடமா என்பது அப்போது தானே விளங்கும்.

ஏரியைத் தூர்த்துவிட்டால் அடுத்த தலைமுறை நீருக்குத் தவிக்கும் என்பதை நம் உழவர் நன்கறிவர். ஊரின் நினைவும் அத்தகையதே. அதனைத் தூர்ந்துபோக விடாமல் காப்பதற்குப் பஞ்சாயத்தின் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய காசு மிகச் சிறிதே. கொடுக்க வேண்டிய கவனமோ பெரிது. அக்கவனத்தை நம் பஞ்சாயத்துகள் கொடுக்கும் என்று நம்புகிறோம்.